நாவற்பழ நிறத்தில் ஆறு கல்

2025 ஜனவரி 21, செவ்வாய்க்கிழமை, காலை எட்டே கால் மணி. பனி இன்னும் விலகவில்லை. எதிர் நடைமேடையின் பெயர்ப்பலகையில் ‘திருவள்ளூர்’ என்பதில் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் தெரிந்தன. கம்பளிக் குல்லாய் கொண்டுவராததற்கு என்னையே நொந்துகொண்டு மின்சார ரயிலிலிருந்து இறங்கினேன். எழும்பூரில் ஆட்டோக்காரர் கேட்ட தொகை பிடிக்காமல் சென்ட்ரல்வரை நடந்தே வந்திருந்ததால் முழங்கால் வேறு வலித்தது.

என்னை அனுப்பியவள் மருமகள் சத்யா. ஏழு மாதக் கர்ப்பிணி. கோயம்புத்தூரை விட்டு அசையக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு வீடியோவில் அழுதாள். அழும்போது அவள் மூக்கில் என் மனைவியின் வைர மூக்குத்தி மின்னியது.

“மாமா, அப்பா திருநின்றவூர் மனைய விக்கப் போறாரு. வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர். ஆந்திராவுல ஏதோ வயல்ல வைரம் இருக்காம். செவப்பு மணல் நெறைய இருந்தா அடியில வைரம் இருக்கும்னு யாரோ சொல்லிட்டாங்க. அந்த வயல குத்தகைக்கு எடுக்கணுமாம். நீங்க சொன்னா மட்டும்தான் கேப்பாரு. நீங்க அந்த வேலைதானே பாத்தீங்க?”

அந்த வேலைதான் பார்த்தேன். அரசாங்கத்தில் முப்பத்தோரு வருடம் கனிமம் தேடினேன். அதில் ஒன்பது வருடம் ராயலசீமையில் வைரப் பாறைக்காக. என் கையால் ஒரு வைரமும் எடுத்ததில்லை. நான் தேடியது வைரத்தையல்ல, கார்னெட் என்னும் சிவப்புக் கல்லை.

காரணம் எளியது. வைரம் பூமிக்குள் நூற்றைம்பது கிலோமீட்டர் ஆழத்தில் விளைவது. எந்தக் காலத்திலோ ஒரு வகை எரிமலைக் குழம்பு அங்கிருந்து பீறிட்டு மேலே வந்தபோது அதையும் தூக்கிக்கொண்டு வந்தது; கூடவே அந்த ஆழத்துக் கார்னெட்டையும். வைரம் அபூர்வம், கார்னெட் ஏராளம். ஆகவே முதலில் கார்னெட்டைப் பிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க வேண்டும். ஆனால் கார்னெட்டில் பல வகை. உடன்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரையிலும் சிவப்பாகக் கிடக்கிறது. அது மலைப்பாறையில் விளைந்த இரும்புக் கார்னெட், வைரத்துக்கும் அதற்கும் உறவே கிடையாது. ஆழத்துக் கல்லில் குரோமியம் இருக்கும். குரோமியம் மிகுந்து, கால்சியமும் குறைந்திருந்தால்தான் அது வைரத்தோடு ஒரே வீட்டில் இருந்த கல். இதைக் கண்ணால் சொல்ல முடியாது. கருவிதான் சொல்ல வேண்டும்.

சத்யா சொன்னபடியே, சம்பந்தி ஏழுமலையைச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திரம் எழுதுபவரின் பெஞ்சில் பிடித்தேன். அறுபத்தொரு வயது. கும்மிடிப்பூண்டியில் இரும்புக்கு வண்ணம் பூசுமுன் மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்துத் துருவை உரிக்கும் வேலையில் இருந்து ஓய்ந்தவர். இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை மூச்சுக்கு நிறுத்துவார். கல்யாணத்தன்றும், என் மனைவியின் காரியத்தன்றும், ஆக இரண்டே முறைதான் நாங்கள் சந்தித்திருக்கிறோம்.

“சம்பந்தி! இன்னாது, சொல்லாம கொள்ளாம? சத்யா போன் பண்ணிச்சா?”

“அதெல்லாம் இல்ல. உங்களப் பாத்து நாளாச்சேன்னு…”

“பொய் சொல்றீங்க. பொய் சொல்றப்ப உங்க காது செவக்குது.”

நான் காதைத் தொட்டுப் பார்த்தேன். அவர் சிரித்தார். டீ வந்தது. காசை நான் எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டார்.

பிறகு மடியிலிருந்து ஓர் ஊறுகாய் பாட்டிலை எடுத்து என் கையில் வைத்தார். முக்கால் பாட்டில் சிவப்பு மணல். கழுவிக் காயவைத்து, மாதுளை முத்துபோல் இருந்தது. “மூணு சாக்கு மண்ணு அள்ளிக்கினு வந்து ஊட்ல அலசினேன் சம்பந்தி. எனுக்கும் பாபுவுக்கும் கைவலி போவ ஒரு மாசம் ஆச்சு.” பாபு அவரோடு வேலைபார்த்த கூட்டாளி. முதல் மழை விழுந்ததும் அனந்தபூர் பக்கத்து வயல்களில் வைரம் பொறுக்க ஊர் ஊராக ஜனம் போய்க் கூடாரம் போடும். இவர்கள் இருவரும் ஏழு வருடமாகப் போகிறார்கள். போன மழையில் அந்த வயலில் மட்டும் ஆறு பெரிய கல் கிடைத்ததாம். சட்டைப்பைக்குள் காகிதத்தில் தனியாக மடித்து வைத்திருந்தார். கடுகைவிடப் பெரிது, மிளகைவிடச் சிறிது. நாவற்பழத்தைக் கடித்தால் உள்ளே தெரியுமே, அந்த நிறம்.

பையில் எப்போதும் இருக்கும் லென்ஸை எடுத்துப் பார்த்தேன். எனக்கு உள்ளங்கை வியர்த்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான். ஆனால் ஒரே வயலில் இவ்வளவு கார்னெட்டை என் ஒன்பது வருடத்தில் பார்த்ததில்லை.

“வெள்ளிக்கிழமை காலைக்குள்ள சொல்லிருதேன். அதுவரைக்கும் முன்பணம் கைநீட்டி வாங்காதீங்க.”

பத்திரம் எழுதுபவர் எட்டிப் பார்த்தார். “இன்னா நைனா, பத்திரம் அடிக்கட்டா வேணாவா? பார்ட்டி எனுக்குப் போன் மேல போன் போடறான்.”

“அடிச்சி வை. கையெழுத்து வெள்ளிக்கிழம. எங்க சம்பந்தி பெரிய சயின்டிஸ்ட்டு. அவுரு தலையாட்டாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

இந்தப் பொறுப்பை நான் கேட்கவில்லை. ஆனால் வந்துவிட்டது.

ஊத்துக்கோட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டிக்குப் பேருந்து. ஊத்துக்கோட்டை தாண்டியதும் பின் சக்கரம் பஞ்சர். மாற்றுச் சக்கரமும் பஞ்சர். நடத்துனர் எங்களை இறக்கிவிட்டு, இது யாருடைய குற்றம் என்று ஓட்டுநரோடு வாதாடத் தொடங்கினார். வெயில் ஏறியிருந்தது, காலையில் இல்லாத குல்லாய்க்காக வருந்தியவன் இப்போது இல்லாத குடைக்காக வருந்தினேன். ஏழுமலை சாலை நடுவில் நின்று, இரண்டாம் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிவந்த கம்பெனி பஸ் ஒன்றை மறித்தார். ஓட்டுநர் தெரிந்தவர்.

பஸ்ஸுக்குள் எல்லோருக்கும் பாட்டிலைப் பற்றித் தெரிந்திருந்தது. “ஏழுமலண்ணா, வைரம் கெட்ச்சா எனுக்கு இன்னா தருவ?” என்றான் ஒருவன்.

“உனுக்கு ஒரு புது ஹெல்மெட்டு.”

“அத்த கம்பெனியே தரும்!”

“தந்துதா?”

பஸ்ஸே சிரித்தது. பாட்டில் கைமாறிக் கைமாறிப் பின்னிருக்கைவரை போயிற்று. மூடி திறந்துகொள்ளுமோ என்று நான் பாதி எழுந்தே நின்றேன். பீகார்க்காரர் ஒருவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, பக்கத்திலிருந்தவரிடம் இந்தியில், “எங்கள் ஊரில் தோண்டித் தண்ணீர் வந்தாலே தேங்காய் உடைப்போம்” என்றார். அதற்கு அவர், “சும்மா இரு. இந்தப் பெரியவர் ஏற்கனவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார்” என்றார். பெரியவர் என்றது என்னை. இந்தி புரியாத முகம் என்று நினைத்துவிட்டார்கள்.

ஆரம்பாக்கத்தில் வீடு. தை மாத அறுவடை நேரம். தெருவெல்லாம் நெல் மூட்டை, வைக்கோல் வாசனை. சம்பந்தியம்மாள் தனம் பழவேற்காட்டுக்காரர். நான் கொடுத்த உடன்குடிக் கருப்பட்டியை மோந்து பார்த்துவிட்டு, “குந்துங்கண்ணா. நண்டு வாங்கி வெச்சிக்கிறேன்” என்றார்.

நண்டென்றால் எனக்குப் பயம். எங்கள் பக்கம் தேங்காய் அரைத்து ஊற்றி அதைச் சாதுவாக்கிவிடுவோம். இங்கே ஆந்திரா பக்கத்தில் இருப்பதால் மிளகாயும் புளியும் மட்டும்.

“சூடு இல்லையாம்மா, இந்த வயசுல?”

“ரசம் ஊத்திக்கினா ஒண்ணியும் பண்ணாது. பண்ணா நான் பாத்துக்கறேன்.”

ஒரு நண்டு போதும் என்றேன். தட்டில் மிஞ்சிய கால்களை எண்ணியபோது மூன்று நண்டு ஆகியிருந்தது. ஒன்றும் பண்ணவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவியதும் கேட்டேன்: “இத்தன வருஷம் தவணை கட்டி வாங்குன மனை. எதுக்கு இப்ப இந்த ஆச?” ஏழுமலை பாயை உதறிப் போட்டார். தனம்தான் உள்ளேயிருந்து சொன்னார்: “கேளுங்கண்ணா, நல்லா கேளுங்க. அதுல பாதி நான் எறா வித்த டப்பு. வாயத் தொறந்தா எனுக்கு ஒரு கணக்கு இருக்குதும்பாரு. இன்னா கணக்கோ.”

புதன்கிழமை காலை இட்லியும் வடகறியும் நாஷ்டா. முடித்ததும் எவர்சில்வர் தட்டில் மணலைப் பரப்பி, ஊசிமுனையால் முப்பத்தாறு மணி பொறுக்கினேன். ஏழுமலை மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார், விட்டால் பறந்துவிடுமாம். காகிதத்தில் இருந்த ஆறையும் தனியாகச் சேர்த்துக்கொண்டேன்.

தொழிற்பேட்டைக்குள் ஒரு தனியார் சோதனைக்கூடம். உருக்காலைகளின் இரும்பைச் சோதித்துச் சான்று கொடுப்பவர்கள். அங்கே மின்னணு நுண்நோக்கி இருந்தது. எலெக்ட்ரான் கதிரைக் கல்லின்மேல் பாய்ச்சினால், எந்தத் தனிமம் எவ்வளவு என்று சொல்லும். ஆராய்ச்சிக்கூடத்துக் கருவி அளவுக்கு நுட்பம் போதாது என்று எனக்கு ஒரு கவலை. ஆனால் என் கேள்விக்கு அது போதும். பொறுப்பாளர் கமலி என்ற இளம்பெண். “கல்லெல்லாம் பாத்ததில்ல சார். இரும்பு மாதிரிதான மௌன்ட் பண்ணணும்?” கறுப்புப் பிசின் வில்லைக்குள் மணிகளைப் பதித்து, மேல்பக்கத்தைக் கண்ணாடிபோல் தேய்த்துத் தருவதாகச் சொன்னார். மறுநாள் மதியம் வரச்சொன்னார்.

தேவைக்கு இருக்கட்டும் என்று மகன் முன்பே கொடுத்திருந்த பத்தாயிரம் ரூபாய் உறையை எடுத்தேன். ஏழுமலை என் கையைப் பிடித்து உறையோடு சேர்த்துப் பைக்குள் திணித்தார். “எங்க ஊர்ல உங்க காசு செல்லாது.”

வியாழன் மதியம் கமலியின் திரையின் முன் உட்கார்ந்தோம். முதலில் மணல். ஒவ்வொரு மணியாகக் கதிர் தொட்டது. இரும்பு. இரும்பு. குரோமியம் அறவே இல்லை. முப்பத்தாறும் ஒன்றுக்கொன்று அச்சு வார்த்ததுபோல். ஏழுமலை திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அந்த ஆறு. முதல் கல்லிலேயே குரோமியத்தின் கோடு எழுந்தது. நான் நாற்காலி விளிம்புக்கு வந்துவிட்டேன். குரோமியம் நூற்றுக்கு நான்கு பங்கு. ஆழத்துக் கல்! அடுத்த கோட்டுக்குக் காத்திருந்தேன். கால்சியம் ஐந்தரைப் பங்கு. அதுவே மூன்றுக்குக் கீழே இருந்திருந்தால் நானே பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். ஆறும் அப்படியேதான்.

“இன்னா சம்பந்தி?”

“வீட்டுக்குப் போய்ச் சொல்லுதேன்.”

சொல்லாததற்குக் காரணம் கோழைத்தனம் மட்டுமல்ல. அந்த மணல் என்னை உறுத்தியது. வேதியியல் அல்ல, அளவு. எல்லா மணியும் ஒரே பருமன். மழையும் ஓடையும் மண்ணைச் சலித்து ஒரே அளவாகப் போடுவதில்லை. அதைச் சல்லடைதான் செய்யும்.

மொபெட்டின் பின்னால் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஆரம்பாக்கம் தெருவுக்குள் நுழைந்தபோது, இரண்டு நாளாகப் பார்த்தும் பார்க்காததைப் பார்த்தேன். தெருவிலிருந்த நெல் மூட்டைகள் அத்தனையும் ஒரே மாதிரிச் சாக்கு. வெள்ளைச் சாக்கு, நீலக் கோடு. கோழிக்கூண்டின்மேல் அதே சாக்கு. தனம் உட்கார்ந்து இறால் உரித்ததும் அதன்மேல்தான்.

“ஏம்மா, இது ஏது?”

“கம்பெனி சாக்குண்ணா. மணலு வர்றது. கொட்டிட்டுத் தூக்கிப் போட்டுடுவாங்கோ, இவுரு எட்த்துக்கினு வருவாரு. கிழிக்கவே முடியாது. இந்தத் தெருவுல கொழந்தைக்கு ஏணை கூட இதுலதான்.”

கொடியில் தொங்கிய ஒன்றை எடுத்து உள்பக்கம் வெளியே வரப் புரட்டினேன். அடித்தையலின் மடிப்பை நகத்தால் விரித்தேன். மாதுளை முத்துபோல் சிவப்பு மணல் என் உள்ளங்கையில் கொட்டியது. சாக்கின் மூலையில் பாதி அழிந்த எழுத்தில் எங்கள் மாவட்டத்தின் பெயர்.

துருவை உரிக்க இவர்கள் பீய்ச்சியடித்தது எங்கள் கடற்கரைக் கார்னெட். எழுநூறு கிலோமீட்டர் பயணம்செய்து எங்கள் ஊர் மணலைத்தான் லென்ஸ் வைத்துப் பார்த்து வியர்த்திருக்கிறேன்.

“சம்பந்தி, ஆந்திரா மண்ண எதுல அள்ளிட்டு வந்தீங்க?”

“இதுலதான். வேற எதுல அள்ளுவாங்கோ? நாலு தபா உதறிட்டுத்தான்…”

பாதியில் நிறுத்திவிட்டார். என் உள்ளங்கையைப் பார்த்தார். பாட்டிலைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துகொண்டார்.

“முப்பது வருசமா எம் மூஞ்சில அடிச்ச மணலு. எனுக்கு அடையாளம் தெரியல பாருங்க.” முகமூடிக்குள்ளிருந்து பார்த்தால் புழுதியோடு கறுப்பாகத்தான் தெரியுமாம், கழுவி வெயிலில் வைத்துப் பார்த்ததே இல்லையாம். சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், தனம் ஓடிவந்து முதுகைத் தடவினார். “இத்தோட வுட்டது பேஜாரு. ஒரு மாசமா என் தண்ணிய எல்லாம் கொட்டி இதத்தான் அலசினீங்களா ரெண்டு பேரும்?”

இருமல் அடங்கியதும் அவர் தலையைத் தூக்கினார். “அந்த ஆறு? அத்த நான் கையால பொறுக்கனது. சாக்குல வர்ல.”

இதற்குத்தான் நான் பயந்தேன். அந்த ஆறும் நிஜம். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனை தப்பிவிடும். பொய் சொன்னால் காது சிவக்கும்.

“அது நெசம் சம்பந்தி. ரொம்ப ஆழத்துலேருந்து வந்த கல்லு. நம்ம மெட்ராசுலேருந்து வேலூர் எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு கீழே. ஆனா வைரம் விளையுற எடத்துல இருந்த கல்லு இல்ல. அந்த எடத்துக் கல்லுல கால்சியம் கம்மியா இருக்கும். இதுல கூட இருக்கு.”

“அப்ப சான்ஸ் இருக்குதா, இல்லியா?”

“இல்லவே இல்லன்னு எந்தக் கருவியும் சொல்லாது. இருக்குன்னு நம்ப ஒரு காரணமும் இல்ல, அவ்வளவுதான் சொல்லும். கெடச்சாலும் அது சர்க்காருக்குச் சொந்தம், அது வேற. இந்த மாதிரிக் கல்ல வச்சுக்கிட்டு ஒரு குழி தோண்டச் சொல்லி நான் எழுதினதில்ல. என் மனையா இருந்தா விக்க மாட்டேன்.”

தெருவில் யாரோ நெல் அளந்துகொண்டிருந்தார்கள். ஏழுமலை அந்தக் காகிதப் பொட்டலத்தை மடித்தும் பிரித்தும் வைத்துக்கொண்டிருந்தார். கல் எல்லாம் சோதனைக்கூடத்து வில்லையில் இருந்தது, பொட்டலம் காலி.

“கல்யாணத்தன்னிக்கு சம்பந்தியம்மா அவுங்க மூக்குலர்ந்து கழட்டி எம் பொண்ணுக்குப் போட்டாங்க. மேடைலியே. இந்தப் பக்கம் வைரம். அந்தப் பக்கம் நான் போட்டது கவரிங். அப்ப என்னால அவ்ளோதான் முடிஞ்சுது. அப்புறம் வாங்கலாம் வாங்கலாம்னு… அவுங்க போய்ச் சேர்ந்துட்டாங்கோ. வளைகாப்புக்குள்ள அந்தப் பக்கத்துக்கும் ஒரு கல்லு போட்டுடணும்னு நெனச்சேன் சம்பந்தி. கடைல வாங்கனது இல்ல. நானே பூமிலர்ந்து எடுத்தது.”

எங்கள் வீட்டில் ஆறு வருடமாக வளைய வருகிறவள் சத்யா. அவள் மூக்கின் மறுபக்கத்தை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, “இதான் உங்க கணக்கா?” என்றார். இறால் வறுவல் ஆறிப்போயிற்று. ஆறியதையே சாப்பிட்டோம்.

படுத்த பிறகுதான் எனக்கு அந்த வில்லையின் ஞாபகம் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்திரம் எழுதுபவருக்கு ஏழுமலை போன் செய்தார். “அடிச்சத கிழிச்சிடு நைனா. பார்ட்டி கைல நானே பேசிக்கறேன்.” பாபுவுக்கும் போன் செய்து சாக்கு விஷயத்தைச் சொன்னார், மறுமுனையில் இவர் சிரித்ததைவிடப் பெரிய சிரிப்பு கேட்டது. பிறகு நாங்கள் கமலியிடம் போனோம்.

“அந்த ஆறுல பெருச எனக்குத் திருப்பி வேணும்மா. ஒடையாம.”

“ஒடஞ்சா நான் பொறுப்பில்ல சார்” என்று சொல்லிவிட்டு, பிசினைச் சூடாக்கி, இளக்கி, குழந்தைக்கு முள் எடுப்பதுபோல் எடுத்தார். ஒரு பக்கம் பூமி கொடுத்தபடி முரடாக இருந்தது. மறுபக்கம் சோதனைக்காகத் தேய்த்தது, கண்ணாடி. ஜன்னல் பக்கம் பிடித்தால் உள்ளே நாவற்பழ நிறத்தில் ஒரு விளக்கு எரிந்தது. ஏழுமலை அதை உடனே வாங்கவில்லை. உள்ளங்கையைப் பேன்ட்டில் இரண்டு முறை துடைத்துக்கொண்ட பிறகுதான் நீட்டினார்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு பொற்கொல்லர். லென்ஸை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இன்னா கல்லு சார் இது? கெம்பும் இல்ல, கத்திரிப்பூ கல்லும் இல்ல. எங்க வாங்கனீங்க?”

“வாங்கல” என்றார் ஏழுமலை. “எடுத்தேன். பூமிக்குள்ள மெட்ராசுலர்ந்து வேலூரு தூரம் கீழ இருந்து வந்துக்குது. எங்க சம்பந்தி மிஷின்ல பாத்தாரு.”

பொற்கொல்லர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். இந்தத் தலையாட்டலுக்காகத்தான் நான் வந்தேன் போலும்.

மூன்று மணிக்கு மூக்குத்தி தயாராயிற்று. உறையை எடுக்க முயன்றேன், ஏழுமலை முறைத்தார். நான் கோயம்புத்தூர் வழியாக ஊர் திரும்புவதாக ஏற்பாடு. மூக்குத்தியைப் பஞ்சில் வைத்துச் சிறு டப்பாவில் போட்டு என் சட்டைப்பையில் வைத்து, பையை வெளியிலிருந்து தட்டிப் பார்த்தார். “வளைகாப்புக்கு நான் வந்துதான் போடுவேன். அதுவரைக்கும் நீங்க அவகிட்ட காட்டக்கூடாது. காது செவக்காம பாத்துக்குங்க.”

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் அவர் மொபெட்டை நிறுத்தப் போன நேரம் பார்த்து, முழங்காலையும் பாராமல் ஓடிப்போய்ச் சென்ட்ரலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். அவர் மூச்சிரைக்க வந்தார்.

“இன்னா சம்பந்தி, நான் எடுக்க மாட்டனா?”

“இது ஒண்ணையாவது விடுங்க.”

ரயில் நகர்ந்தது. நடைமேடை முடியும்வரை அவர் கூடவே நடந்தார். பிறகு மூச்சுக்கு நின்றுவிட்டார்.

சென்ட்ரலிலிருந்து எழும்பூருக்குத் திரும்பவும் நடந்தேன், ஒரு கையால் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டு. என் கோயம்புத்தூர் ரயில் அங்கிருந்துதான்; நீண்ட தூர ரயில் சீட்டெல்லாம் சத்யா எடுத்துக்கொடுத்தது. உறையில் பத்தாயிரமும் அப்படியே இருக்கிறது. போகும்போது திருவள்ளூருக்குப் பத்து ரூபாய், வரும்போது கும்மிடிப்பூண்டியிலிருந்து பதினைந்து. இந்த வகையில் எனக்கு ஆன மொத்தச் செலவு இருபத்தைந்து ரூபாய்.